வடசென்னையில் பழம்பொருள் கண்காட்சியில் டேபிள் போடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காசு, தபால் தலை, பித்தளைச் சாமான், கிராமபோன், எனாமல் போர்டு, சினிமா பாட்டுப் புத்தகம் என்று சேர்த்து வைத்ததை முதன்முறையாகக் கண்காட்சியில் விற்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. மண்ணடி, சவுகார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். பழம்பொருள் வியாபாரம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1900இல் கட்டிய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போகும்வரை பழைய புத்தகமும் பழைய சாமானும் தேடுகிறவர்கள் அங்கேதான் போனார்கள். தங்கசாலைத் தெரு என்ற பெயரே அங்கே நாணயம் அடித்ததால் வந்தது. ஆகவே உங்கள் டேபிளுக்கு முன்னால் நிற்கிறவருக்கு உங்களைவிடப் பொருள் தெரிந்திருக்கலாம் என்று எண்ணியே கடை விரியுங்கள்.

எந்த மாதம் டேபிள் எடுப்பது நல்லது?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சுலபமாகவும் வாடகை குறைவாகவும் கிடைக்கும். நடத்துகிறவர்கள் அந்த மாதங்களைப் பிடிப்பதற்கு அதுதான் காரணம். ஆடி உங்களுக்கும் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துக் கூட்டம் அப்படியே குறைந்துவிடும். மழை மாதத்தில் எடுத்தால், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய மண்டபமாகப் பாருங்கள். மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று பாதை விம்கோ நகர் வரை போகிறது. மே மாதத்தில் கூட்டம் வரும், ஆனால் மெழுகும் வினைல் ரெக்கார்டும் வண்டிச் சூட்டிலேயே வளைந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

டேபிளின் அளவை அடிக்கணக்கில் கேளுங்கள். மண்டபத்துச் சாப்பாட்டு டேபிள் பெரும்பாலும் அகலம் குறைந்தது. நீங்கள் 6 அடிக்கு இரண்டரை அடி என்று நினைத்துக் கண்ணாடிப் பெட்டி கொண்டு போனால் அது விளிம்பில் தொங்கும். நாற்காலி எத்தனை, பிளக் பாயின்ட் உண்டா, முதல்நாள் மாலையே அடுக்கலாமா, அடுக்கினால் இரவில் பூட்டும் காவலும் யார் பொறுப்பு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று யாரும் கேட்பதில்லை: தலைக்கு மேல் மின்விசிறி இருக்கிறதா? நோட்டும் ஸ்டாம்பும் விற்கிறவர்களுக்கு அதுதான் எதிரி. விசிறியை நிறுத்தச் சொன்னால் பக்கத்து டேபிள்காரர் சண்டைக்கு வருவார். காகிதச் சரக்கு என்றால் சுவரோர டேபிள் கேளுங்கள், இரும்பு, பித்தளை என்றால் நடுவில் இருந்தாலும் பாதகமில்லை.

முதல் தடவை எவ்வளவு சரக்கு கொண்டு போவது?

குறைவாக. 6 அடி டேபிளில் 50 பொருளுக்கு மேல் வைத்தால் காயலாங்கடை போலத் தெரியும், காயலாங்கடை விலைதான் கேட்பார்கள். மீதியை டேபிளுக்குக் கீழே பெட்டியில் வைத்து, விற்க விற்க மேலே ஏற்றுங்கள். காசும் ஸ்டாம்பும் ஆல்பத்தில் இருப்பதால் அந்தக் கணக்கு வேறு.

மூன்று அடுக்காகப் பிரித்து வையுங்கள். முன்வரிசையில் ‘எது எடுத்தாலும் 20 ரூபாய்’ பெட்டி: வெளிநாட்டுக் காசு, தீப்பெட்டி லேபிள், பழைய பஸ் டிக்கெட். பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள், போணியும் பெரும்பாலும் அங்கேதான் ஆகும். நடுவில் 100 முதல் 1,000 ரூபாய் வரை. விலை கூடிய நாலைந்து பொருள் உங்கள் கைக்கு அருகில், கண்ணாடிக்குள்.

செலவுக் கணக்கை முன்பே போட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு டேபிள் வாடகை 2,500, குட்டி யானை போக வர 1,200, இரண்டு பேர் சாப்பாடு 600, உதவியாளுக்கு 700 என்றால் மொத்தம் 5,000. நூறு ரூபாய்க்கு விற்றால் நாற்பது ரூபாய் உங்களுக்கு நிற்கும் சரக்கு என்றால், 12,500 ரூபாய்க்கு விற்ற பிறகுதான் கைக்கு முதல் ரூபாய் வருகிறது. இது தெரிந்திருந்தால் சாயங்காலம் பதற்றத்தில் விலையை இறக்க மாட்டீர்கள்.

ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டு வைக்க வேண்டுமா? விலையை வாயால் சொன்னால் போதாதா?

சீட்டு வைத்தே ஆக வேண்டும். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த வியாபாரத்தில் நீங்கள் விற்பது பாதி பொருள், பாதி அதைப் பற்றி நீங்கள் சொல்லும் சொல். அந்தச் சொல்லை எழுதி வைத்தவரிடம்தான் அடுத்த கண்காட்சியிலும் ஆள் தேடி வருவார்கள்.

சீட்டில் நான்கு விவரம் போதும்: என்ன பொருள், எந்தக் காலம், என்ன குறை, என்ன விலை. ‘பித்தளை கூஜா, திருகு மூடி, கைப்பிடி பிற்காலத்தில் பற்றவைத்தது, 1,400’ என்று எழுதினால் வாங்குகிறவர் கைப்பிடியைக் காட்டிப் பேரம் பேச முடியாது. குறையை நீங்களே சொல்லிவிட்டீர்கள், விலை அதைச் சேர்த்துத்தான். காலம் தெரியாவிட்டால் ‘பழையது’ என்று மட்டும் எழுதுங்கள். ‘150 வருஷம்’ என்று வாய்க்கு வந்ததை எழுதக் கூடாது. புது வார்ப்பாக இருந்தால் ‘புது வார்ப்பு’ என்றே எழுதுங்கள், அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் அதையும் வாங்குவார்கள். பொய் விவரம் எழுதி விற்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் போகும், ஆனால் அதற்கு முன்பே உங்கள் பெயர் மண்ணடியிலிருந்து பெரம்பூர் வரை போய்விடும்.

சீட்டை நூலில் கட்டுங்கள். ஸ்டிக்கரோ செலோடேப்போ ஒட்டினால் மரப்பெட்டியின் பாலிஷும் தகரத்தின் பெயின்ட்டும் அதோடு உரிந்து வரும்.

எதையெல்லாம் டேபிளில் வைக்கவே கூடாது?

இதைப் பொறுமையாகப் படியுங்கள். தெரியாமல் செய்தேன் என்பது இங்கே எடுபடாது.

யானைத் தந்தம்: சீப்பு, குங்குமச் சிமிழ், கத்திப்பிடி, பகடை எதுவானாலும் விற்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இல் 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் நிறுத்திவிட்டன. பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்பது விற்பனைக்கு அனுமதி ஆகாது. மான்கொம்பு, புலிநகம், ஆமை ஓட்டில் செய்த சாமான், பாம்புத்தோல் பை எல்லாம் இதே கணக்கு. காசிமேட்டுப் பக்கத்திலிருந்து சங்கு, பவளம் கொண்டுவருகிறவர்கள் கவனியுங்கள்: பவளமும் சில வகைச் சங்குகளும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன.

சாமி சிலை: தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972 நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5. அதன்படி 100 வருஷத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், காசு போன்றவை தொல்பொருள். சுவடி, ஆவணம் என்றால் 75 வருஷம். கல், உலோகம், சுடுமண், மரம், தந்தச் சிற்பங்களையும் ஓவியங்களையும் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருள் வியாபாரத்துக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு கூரியர் போடுவதும் அதில் அடங்கும். நம் மாநிலக் காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புக்கென்று 1983 முதல் தனிப் பிரிவே இருக்கிறது. பதிவுச் சான்று கையில் இல்லாத பழைய உலோகச் சிலையை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சிலை பழையதா புதியதா என்று சந்தேகம் வந்தால் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

புதையல் காசு: வீடு கட்டத் தோண்டியபோது குடத்தோடு கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் விலகிவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் வைத்த வரம்பு வெறும் 10 ரூபாய் மதிப்பு.

செல்லாத 500, 1,000 நோட்டு: 2016இல் செல்லாமல் போனவற்றில் ஒருவர் 10 நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் 25. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். கட்டாக அடுக்கி வைத்து ‘எது எடுத்தாலும் 100’ என்று விற்பவரைப் பார்த்து நீங்களும் ஆரம்பிக்காதீர்கள்.

வாள், துப்பாக்கி: பழமைக்கு ஆயுதச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனால் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அதை வாதாட முடியாது. எழுத்து மூலமாகத் தெளிவு இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்கிறவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பெங்களூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வந்து டேபிள் போடுகிறவர் கதை வேறு. அவர் தற்காலிக வரிதாரராக, வியாபாரம் தொடங்குவதற்கு 5 நாளாவது முன்னால் விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்டி, 90 நாள் வரை செல்லும் பதிவு வாங்க வேண்டும். பதிவு இருக்கிறவர்கள் பழைய பொருளை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இல்லாவிட்டாலும் பில் புத்தகம் வையுங்கள்.

வெள்ளி ரூபாய் அசலா என்று டேபிளிலேயே எப்படிப் பார்ப்பது?

0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, குறுக்களவு பார்க்க வெர்னியர் அளவுகோல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், நூல், கண்ணாடி டம்ளரில் தண்ணீர். இவ்வளவுதான் தேவை.

1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், வெள்ளி நூற்றுக்கு 91.7. தேய்ந்த காசு 11.4 வரை இறங்கலாம். 11 கிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். குறுக்களவு 30.5 மி.மீ. ஒட்டி இருக்கும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். 11.66 கிராம் காசுக்கு 1.13 காட்டினால் விடை 10.3, அது நல்ல வெள்ளி. 1.31 காட்டினால் 8.9, உள்ளே செம்போ வெண்செம்போ, மேலே முலாம். காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் எண் தப்பாகும். நூலை லேசாகத் தட்டிக் குமிழை விடுவியுங்கள்.

லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், எழுத்தின் ஓரம் சோப்புப் போல மழுங்கியிருக்கும், தளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அச்சடித்த அசலில் எழுத்து தேய்ந்திருந்தாலும் அடி கூர்மையாக எழும்.

வருஷங்களைப் பற்றி மூன்று செய்தி. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே வருஷம் போட்டே அடிக்கப்பட்டது, ஆகவே 1862 என்பதற்காக மட்டும் விலை ஏற்றாதீர்கள். 1940 முதல் வெள்ளி பாதிதான், 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரிது என்பதால் அதற்குத்தான் போலி அதிகம், வேறு வருஷத்தின் கடைசி எண்ணை மாற்றிச் செதுக்கியதும் வரும். அதைச் சான்று இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனிக் காசு என்று கொண்டுவந்து காட்டுகிறார்களே?

பிற்காலத்தில் செய்த டோக்கன் அது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஓர் அணாக் காசு வெளியிடவில்லை. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் பூஜை அறையிலிருந்து எடுத்து வந்திருப்பார், லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சிரிக்காமல், ‘ஐயா, இது சாமி டோக்கன், வீட்டிலேயே வைத்துக் கும்பிடுங்கள்’ என்று சொல்லி அனுப்புங்கள். பழைய காசு, நோட்டை ரிசர்வ் வங்கி பெயரில் லட்ச ரூபாய்க்கு வாங்குவதாக வரும் விளம்பரங்களும் மோசடிதான். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. முன்பணம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம் என்று உங்கள் டேபிளுக்கு வருகிறவர்களிடம் சொல்லுங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும், ஒரு குடும்பத்தின் பணம் தப்பும்.

கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு அது சாவு. புளியின் அமிலம் செம்பின் மேல்தோலைத் தின்றுவிடும், தேங்காய் நாரின் கீறல் லென்ஸில் நூல் நூலாகத் தெரியும். சேகரிப்பவர் தேடுவது அந்தப் பழைய நிறத்தைத்தான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, இந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். செம்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் பொங்கினால் அது உப்பு அரிப்பு, கடற்காற்றில் வேகமாகப் பரவும். மற்ற காசுகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். மெத்தென்று வளையும் பி.வி.சி. உறையில் காசு போடாதீர்கள், ஒரு கோடையில் பசை கசிந்து பச்சை படியும். அட்டைச் சட்டத்தில் மைலார் (விறைப்பான தெளிந்த பாலியெஸ்டர் தாள்) வைத்த உறை நல்லது.

பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் எது எடைக்கு, எது சேகரிப்புக்கு?

முதலில் பெயர் வெட்டியிருக்கிறதா பாருங்கள். கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய தமிழ் எழுத்து: பெண்ணின் பெயரோ தலைப்பெழுத்தோ, சிலவற்றில் தேதியும் ஊரும். விரலால் தடவினால் பழைய வெட்டு வழவழப்பாக இருக்கும், ஒவ்வொரு புள்ளியின் உள்ளும் கறுப்பாகப் புளியழுக்கு தங்கியிருக்கும். புதிதாக வெட்டியது விரலைச் சொரசொரக்கும், குழி மஞ்சளாகப் பளிச்சிடும். அந்த எழுத்துதான் பாத்திரத்தை எடைக்குப் போவதிலிருந்து காப்பாற்றுகிறது. பஃப் மெஷினில் கொடுத்தால் முதலில் அழிவது அதுதான், ஆகவே மெஷின் பாலிஷ் போடாதீர்கள்.

பிறகு அடிப்பாகம். நாற்பது வருஷம் தரையில் இழுபட்ட பானையின் அடித் தேய்வு ஒரே சீராக இருக்காது, ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கியதில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, கை படவே படாத உள்மூலையிலும் இருக்கும். வெண்கலத்தைத் தட்டினால் ஓசை நீளும். ஓசை ‘டப்’ என்று நின்றால் எங்கோ விரிசல் இருக்கிறது, அதையும் சீட்டில் எழுதுங்கள்.

ஈயச் சொம்பு விற்கலாமா?

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அதே தோற்றத்தில் காரீயம் கலந்ததும் சந்தையில் இருக்கிறது, அது விஷம். காரீயம் கையில் எடுத்தாலே அளவுக்கு மீறிக் கனக்கும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். எதுவென்று உறுதியில்லாத சொம்பை ‘காட்சிக்கு மட்டும், சமையலுக்கு அல்ல’ என்று எழுதித்தான் விற்க வேண்டும்.

கிராமபோன், வால்வு ரேடியோ, எனாமல் போர்டு வாங்கி விற்பதில் எங்கே ஏமாறுவோம்?

கண்ணைப் பறிக்கும் பித்தளைக் குழலோடு, எண்கோணப் பெட்டியில், பக்கவாட்டில் எச்.எம்.வி. நாய்ப்படம் பதித்து வருவது பெரும்பாலும் புதுச் சரக்கு. குழல் மெல்லிசாக இருக்கும், மோட்டார் எதிலிருந்தோ பிடுங்கியதாக இருக்கும். எச்.எம்.வி. 102 போல, மூடிக் கையில் தூக்கிப் போகும் பெட்டி வகைகளே நம்பிக்கையானவை. சாவி கொடுத்து ஒரு பக்கம் முழுக்க ஓடவிடுங்கள், பாதியில் வேகம் குறைந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள், மழுங்கிய ஊசி ரெக்கார்டின் பள்ளத்தை உழுதுவிடும்.

வால்வு ரேடியோவை வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகப் பிளக்கில் செருகாதீர்கள். பல வருஷம் தூங்கிய செட்டில் கண்டென்சர் வெடிக்கும். சில வகைகளில் உள் சட்டத்திலேயே கரன்ட் ஓடும். மெக்கானிக் பார்த்திருந்தால் ‘ஓடுகிறது’, இல்லாவிட்டால் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதுங்கள்.

எனாமல் போர்டு என்பது தகரத்தின் மேல் உருக்கிய கண்ணாடி. ஒவ்வொரு நிறமும் தனி அடுக்கு, எழுத்தின் ஓரத்தை நகத்தால் தடவினால் மேடு தட்டும். ஆணி ஓட்டையைச் சுற்றித் தெறித்த இடத்தில் துரு கறுத்து இறுகியிருக்க வேண்டும். செம்மஞ்சள் துரு கையில் பொடியாக வந்தால் அது சமீபத்தில் அமிலம் வைத்தது.

காகிதச் சரக்கை எப்படி வைப்பது?

டிராம் டிக்கெட், மில் துணி லேபிள், பாட்டுப் புத்தகம், கடிதக் கவர் போன்றவற்றுக்கு இந்த வட்டாரத்தில் நல்ல தேட்டம் உண்டு. மெட்ராஸில் டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) துணி மில் சம்பந்தப்பட்ட காகிதம் வந்தால் அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள், விலை கேட்காவிட்டாலும் பார்க்க விடுங்கள். ஸ்டாம்பைக் கவரிலிருந்து பிரிக்காதீர்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று தபால் முத்திரை தெளிவாக இருக்கும் முழுக் கவருக்கே மதிப்பு. ஸ்டாம்பை இடுக்கியால் எடுங்கள், வியர்வை பட்டால் பசை ஒட்டிக்கொள்ளும். 1948 காந்தி 10 ரூபாய் ஸ்டாம்புக்குப் போலி மிகுதி, நிபுணர் சான்று இல்லாமல் ‘அசல்’ என்று எழுதக் கூடாது. அண்மைக்கால ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், உயிரோடு இருப்பவர்களின் கடிதம் விற்பனைப் பொருள் ஆகாது.

பேரம் எப்படிப் பேசுவது?

“கடைசி ரேட் சொல்லுண்ணே” என்று ஆரம்பிப்பார்கள். முதல் வாயிலேயே கடைசி விலை சொல்லிவிட்டால் அதிலிருந்தும் இறக்குவார்கள். சீட்டு விலையிலிருந்து நூற்றுக்குப் பத்து வரை இறங்க முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு மேல் கேட்டால் இரண்டாவது பொருளைச் சேர்த்துக் குறையுங்கள். “இரண்டும் சேர்த்து 900 கொடுங்க பாய்” என்பது ஒன்றை மட்டும் 400க்குக் கொடுப்பதைவிட நல்லது. காலையில் கதவு திறப்பதற்கு முன் மற்ற டேபிள்காரர்கள் சுற்றி வருவார்கள். மொத்தமாக எடுப்பதாகச் சொல்லி அடிமாட்டு விலை கேட்பார்கள். நல்ல பொருளை அந்த நேரத்தில் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளிடம் பேரம் பேச வேண்டாம், 20 ரூபாய்ப் பெட்டியில் ஐந்து எடுத்தால் ஒன்று கொசுறு கொடுங்கள்.

பணம், திருட்டு விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சில்லறைக்கு 3,000 ரூபாய்: பத்து ரூபாய்த் தாள் 50, இருபது ரூபாய் 25, ஐம்பது ரூபாய் 20, நூறு ரூபாய் 10. கல்லா வேண்டாம், இடுப்புப் பை. யு.பி.ஐ. கியூ.ஆர். அட்டையை உங்கள் பக்கமே வைத்துக்கொண்டு கேட்கும்போது நீட்டுங்கள், மேலே வேறு அட்டை ஒட்டிவிட்டுப் போகும் ஏமாற்று உண்டு. அவர் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்ப வேண்டாம், உங்கள் போனில் வரவு தெரிந்த பிறகே பொருளைக் கொடுங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இருக்காது, ஆகவே வாசலுக்குப் போய்ப் பார்த்து வர ஒரு ஆள் வேண்டும்.

காசுத் தட்டை ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே எடுங்கள். குழிகளுக்கு எண் போட்டு, காலியிடம் இல்லாமல் நிரப்பி வைத்தால் ஒன்று குறைந்தாலும் கண்ணில் படும். விலை கூடிய காசுக்கு எடையைக் குறித்து வைத்திருந்தால், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது அதே காசுதானா என்று தராசு சொல்லிவிடும். இரண்டு பேர் வந்து ஒருவர் பேசும்போது மற்றவரின் கையைப் பாருங்கள்.

யாராவது டேபிளுக்கே வந்து விற்கக் கேட்டால் வாங்கலாமா?

அடையாள அட்டை, போன் எண், பொருளின் படம், கையெழுத்து நான்கும் வாங்கிக்கொண்டு வாங்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள வேண்டிய நிலையிலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 317ஆம் பிரிவு உங்களையும் பிடிக்கும். பள்ளிப் பிள்ளை வெள்ளிக் காசு கொண்டுவந்தால் வாங்காதீர்கள், “அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வாப்பா” என்று சொல்லுங்கள்.

ஏற்றி இறக்குவதில் என்ன உடையும்?

பழைய 78 சுற்று ரெக்கார்டைப் படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரியும். நிற்கவைத்து, இடைவெளி இல்லாமல் நெருக்குங்கள். கண்ணாடி போட்ட படத்துக்கு, சட்டத்தில் படாமல் கண்ணாடி மேல் மட்டும் குறுக்கே டேப் ஒட்டுங்கள். வெள்ளியைச் செய்தித்தாளில் சுற்றினால் கறுக்கும், பழைய பருத்திப் புடவைத் துணி போதும். மண்ணெண்ணெய் விளக்கைக் காலி செய்து, திரியையும் எடுத்துவிடுங்கள். சவுகார்பேட்டை, தங்கசாலைப் பக்கத்து மண்டபம் என்றால் காலை எட்டு மணிக்குள் வண்டி உள்ளே போய்விட வேண்டும், கடைகள் திறந்த பிறகு தெருவில் கைவண்டிக்கே இடம் இருக்காது.

விற்காமல் திரும்பிய சரக்கை மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

வீட்டுக்கு வந்த அன்றே பெட்டியைத் திறந்து ஆறவிடுங்கள். மண்டபத்து ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரு வாரத்தில் ஆல்பத்தில் பழுப்புப் புள்ளி விழும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு, நீலமணி நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள், அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள். ஆல்பம் நிற்கவேண்டும், படுக்கக் கூடாது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். தண்ணீர் ஏறும் தெருவானால் கீழ்த்தட்டில் பித்தளை, மேல்தட்டில் காகிதம்.